இல்லாத ஊரின் கோல்ஃப் மைதானம்: கணினி விளையாட்டுக்குக் கற்பனைக் கோர்ஸ் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-ல் தொடங்கியது. நகரத்தின் நடுவில், ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் இன்றும் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் வேலியும் மரங்களும்தான். உள்ளே போய் ஆடுவது எல்லாருக்கும் கைகூடுவதில்லை. அதனால் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கோல்ஃப் பிரியர்கள் எல்லாரும் கணினியில்தான் ஆடுகிறார்கள். அவர்களில் சிலர் ஆடுவதோடு நிற்காமல், சொந்தமாக மைதானமே செய்யத் தொடங்கிவிட்டார்கள். இந்த வழிகாட்டி அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காக.

உண்மையில் இருக்கும் ஒரு மைதானத்தை நகலெடுப்பது ஒரு வகை. அதற்குப் படம், வரைபடம், செயற்கைக்கோள் காட்சி எல்லாம் கிடைக்கும். நாம் பேசப்போவது இல்லாத மைதானத்தைப் பற்றி. இங்கே பார்த்து எழுத எதுவும் கிடையாது. ஒரு மேடு ஏன் அங்கே இருக்கிறது, ஒரு குளம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் நம்மிடம்தான் இருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாத மைதானங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது முறை ஆடத் தோன்றுவதில்லை. என் அனுபவத்தில் அந்தப் பதில் எப்போதும் தண்ணீரிலிருந்துதான் கிடைக்கிறது. அதனால் வழக்கமான வரிசையைக் கொஞ்சம் மாற்றி, தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

கருவி எது?

அதற்கு முன் இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ரசிகர்கள் கோர்ஸ் செய்வது புதிய பழக்கம் இல்லை. 1990-லேயே கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் பெயரில் வந்த விளையாட்டில் வடிவமைக்கும் கருவி இருந்தது. லிங்க்ஸ் 2001 விளையாட்டோடு இன்னொரு வீரர் ஆர்னால்ட் பாமர் பெயரில் ஒரு கருவி வந்தது. இன்று பெரும்பாலானோர் தொடங்குவது பிஜிஏ டூர் 2கே வரிசையில். 2014-ல் கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் வெளியிட்ட தி கோல்ஃப் கிளப்தான் இதற்கு முன்னோடி. இதில் எல்லாமே விளையாட்டுக்குள்ளேயே நடக்கும். தனி மென்பொருள் எதுவும் கற்க வேண்டாம். இன்னொரு பாதை ஜிஎஸ்ப்ரோ என்ற சிமுலேட்டருக்குச் செய்வது. அதற்கு இங்க்ஸ்கேப், பிளெண்டர், யூனிட்டி என்ற மூன்று மென்பொருள்களும் கொஞ்சமாவது கைவர வேண்டும். வேலை பல மடங்கு, ஆனால் நிலத்தின் ஒவ்வொரு அடியும் உங்கள் கையில் இருக்கும்.

முதல் மைதானத்துக்கு 2கே போதும். கீழே சொல்வது எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்படிதான் எழுதியிருக்கிறேன்.

முதலில் தண்ணீர்

புதிதாகச் செய்பவர்கள் முதலில் கிரீனை, அதாவது குழியும் கொடியும் உள்ள மழித்த புல்தரையை வரைவார்கள். அப்புறம் ஃபேர்வே (கிரீன் வரை போகும் வெட்டிய புல்வெளி), அப்புறம் அழகுக்கு ஒரு குளம். குளம் கடைசியில் வருவதால் அது எங்கேயும் இருக்கலாம்: குன்றின் உச்சியில்கூட! நிஜ நிலத்தில் தண்ணீர் தாழ்வான இடத்தில்தான் நிற்கும்; அங்கே வந்து சேர ஒரு வழி வேண்டும்; நிரம்பினால் வெளியேற இன்னொரு வழி வேண்டும். இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் மைதானத்தில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

இதற்கு நம்மிடம் அருமையான முன்மாதிரி இருக்கிறது: ஏரி. பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. மேட்டு நிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். மழைநீரைத் தேக்கவே ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், தென்பெண்ணையில் கலந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. மாநில எல்லை தாண்டிப் போகும் இந்தத் தண்ணீர்ப் பாதையை ஒருமுறை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். கோர்ஸ் வடிவமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஏரியின் உடற்கூறு இப்படி. தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைந்த மண்கரை. கரையை ஒட்டித்தான் ஆழம் அதிகம். எதிர்ப்பக்கம் நிலம் மெதுவாகச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். அங்கே கரை என்று ஒன்று இருக்காது, நீர்மட்டத்தைப் பொறுத்து ஓரம் நகர்ந்துகொண்டே இருக்கும். கரையின் ஓரிடத்தில் மதகு. அதன் வழியாக வரும் தண்ணீர் கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு வயல்களுக்கு வாய்க்காலில் பாயும். கரையின் ஒரு முனையில், கல் கட்டிய கலங்கல். அதிகப்படியான நீர் வழியும் இடம்.

இப்போது இதைக் கோல்ஃப் கண்ணால் பாருங்கள். ஒரே ஏரி மூன்று விதமான நிலத்தைத் தருகிறது. மேலே, மழைநீர் இறங்கி வரும் பாறை மேடு. நடுவில், தண்ணீர் ஏறி இறங்கும் சரிவான கரைவெளி. கரைக்குக் கீழே, வரப்பும் வாய்க்காலுமான தட்டை நிலம். 18 ஹோலும் (ஒரு குழியை நோக்கி ஆடும் பகுதி ஒரு ஹோல்) ஒன்றுபோல இருக்கிறது என்ற குறைக்கு இங்கே இடமே இல்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பெயர் மதகடி கோல்ஃப் கிளப். பெங்களூருக்குக் கிழக்கே, மாலூர் பக்கம் எங்கேயோ இருப்பதாகக் கற்பனை. வடமேற்கில் பாறை மேடு, தென்கிழக்கில் ஏரிக்கரை, அதற்குக் கீழே வயல்.

நிலத்தின் பொது உருவம் மனதில் வராவிட்டால், நாசா 2000-ல் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கிரீன் செய்ய இது உதவாது. ஆனால் கோலார் பக்கத்து மேடு பள்ளங்கள் எவ்வளவு மெதுவாக ஏறி இறங்குகின்றன என்பது தெரிந்துவிடும். ஜிஎஸ்ப்ரோவுக்குச் செய்பவர்கள் அதை ஏற்ற வடிவத்துக்கு மாற்றி யூனிட்டியில் ஏற்றலாம். 2கே-யில் செய்பவர்கள் பார்த்துக் கையால் உருவாக்க வேண்டியதுதான்.

வயது ஒன்று, மாதம் ஒன்று

அடுத்து இரண்டு முடிவுகள். மைதானம் எந்தக் காலத்தில் கட்டப்பட்டதாகக் கற்பனை? ஆண்டின் எந்த மாதத்தில் நாம் ஆடுகிறோம்?

காலம் ஏன் முக்கியம் என்றால், மண்ணை எவ்வளவு நகர்த்தியிருப்பார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1920-களில் என்றால் மாட்டு வண்டியும் மண்வெட்டியும்தான். கிரீன் சின்னதாக, இருக்கிற சரிவிலேயே உட்கார்ந்திருக்கும். டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், சதுரமாக, கிட்டத்தட்ட தரையோடு இருக்கும். 1990-களுக்குப் பிறகு என்றால் புல்டோசர் வந்துவிட்டது: ஃபேர்வேக்கு இருபுறமும் செயற்கை மேடுகள், பெரிய பங்கர்கள் (மணல் குழிகள்), வெட்டி எடுத்த குளங்கள். இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரே மைதானத்தில் ஹோலுக்கு ஹோல் காலம் மாறினால்தான் கண்ணை உறுத்தும். மதகடி பழைய கிளப். எனவே அங்கே செயற்கை மேடு ஒன்றுகூடக் கிடையாது என்று முதலிலேயே விதி வைத்துக்கொள்கிறோம்.

மாதம் இன்னும் சுவாரசியமானது. அக்டோபர் என்றால் ஏரி நிரம்பி, ரஃப் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரமான புல்) பச்சைப்பசேல் என்று இருக்கும். மார்ச் என்றால் தண்ணீர் பின்வாங்கி, கரைவெளியில் வெடித்த சேற்று மண் தெரியும், ரஃப் பழுப்பாகும், பந்து விழுந்த பிறகு நிறைய ஓடும். ஒரே நிலம், இரண்டு வேறு ஆட்டம். எனக்கு மார்ச்தான் பிடிக்கும். தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே உள்ள அந்தச் சேற்றுப் பட்டையில் பந்து விழுந்தால் தொலையாது, ஆனால் அடுத்த அடி சுலபமும் இல்லை. தண்டனைக்கும் மன்னிப்புக்கும் நடுவில் ஒன்று கிடைக்கிறது.

காற்றும் மாதத்தோடு சேர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரில் மேற்கு, தென்மேற்குக் காற்று; குளிர்காலத்தில் கிழக்கு, வடகிழக்கு. விளையாட்டில் காற்றுத் திசையை அமைக்க முடிந்தால் இதைப் பயன்படுத்துங்கள்.

தாளில் பதினெட்டு கோடுகள்

கணினியைத் திறக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. ஏ3 தாள் ஒன்று எடுத்து, 1 செ.மீ. = 25 மீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். 42 × 29.7 செ.மீ. தாள் சுமார் 1,050 × 740 மீட்டர் நிலமாகிறது, ஏறத்தாழ 78 ஹெக்டேர். 18 ஹோல் மைதானத்துக்குப் பொதுவாக 50 முதல் 75 ஹெக்டேர் தேவை என்பதால் அளவு சரியாகப் பொருந்தும். விளையாட்டு இதைவிடப் பெரிய நிலம் தந்தாலும் இந்த எல்லைக்குள் நிற்பது நல்லது. நிலம் பெரிதாகும்போது ஹோல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் சிதறிப்போகும்.

முதலில் ஏரி, கரை, பாறை, வாய்க்கால் எல்லாம் பென்சிலில். அப்புறம் கிளப் ஹவுஸ். மதகடியில் அது வடமேற்கு மேட்டில், ஏரியைப் பார்த்தபடி. முதல் 9 ஹோல் அங்கிருந்து புறப்பட்டுப் பாறையிலும் கரைவெளியிலும் சுற்றித் திரும்பும். அடுத்த 9 கரையின் ஓரமாக இறங்கி, ஆயக்கட்டில் ஆடி, கலங்கல் வழியாக மேலே ஏறும்.

பார் (ஒரு ஹோலை முடிக்க எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை) கணக்கு: நான்கு பார் 3, பத்து பார் 4, நான்கு பார் 5, ஆக 72. இது பழக்கம், சட்டம் கிடையாது. பார் 70-லும் 71-லும் மிக நல்ல மைதானங்கள் உண்டு. நிலம் ஒரு நல்ல பார் 3-ஐக் கொடுக்கும்போது கணக்குக்காக அதை நீட்டிப் பார் 4 ஆக்காதீர்கள். நீளத்துக்கு ஒரு வழிகாட்டியாக, உலக ஹேண்டிகேப் முறையில் (ஆட்டக்காரரின் திறனை மதிப்பிடும் பொது முறை) ஆண்களுக்குப் பார் 3 என்பது 260 கஜம் வரை, பார் 4 என்பது 240–490, பார் 5 என்பது 450–710. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். அந்தப் பொதுப் பகுதியில், அதாவது 250 கஜப் பார் 4, 470 கஜப் பார் 5 போன்றவற்றில்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். நான்கு பார் 3-களும் நான்கு நீளத்தில், முடிந்தால் நான்கு திசையில் இருக்கட்டும்: 135, 165, 190, 225 என்பதுபோல.

மொத்தம் மதகடிக்கு 6,600 கஜம் வைக்கிறோம். உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. 3,000 அடி உயரத்தில் பந்து சுமார் 3 சதவீதம் கூடுதலாகப் போகும். உயரத்தைக் கணக்கில் எடுக்கும் மென்பொருளில் 6,600 கஜம் 6,400 போலத்தான் ஆடும்.

கோடு போடும்போது பார்க்க வேண்டியவை இன்னும் சில. ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீ நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். விளையாட்டில் யாரும் நடப்பதில்லை, ஆனால் திரை மாறும்போது பக்கத்திலேயே முந்தைய கிரீன் தெரிந்தால் மைதானம் ஒன்றாக இருப்பதை மனம் நம்பும். தொடர்ந்து மூன்று ஹோல் ஒரே திசையில் போக வேண்டாம். காலையில் ஆடும் முதல் ஹோல் நேர் கிழக்கையும், மாலையில் முடியும் கடைசி ஹோல் நேர் மேற்கையும் பார்க்க வேண்டாம். கண்ணில் வெயில் அடிக்கும் என்பது பழைய வடிவமைப்பாளர்கள் கடைப்பிடித்த விதி. சூரியனை நகர்த்த முடிகிற விளையாட்டிலும் அதை மதியுங்கள்.

கோடுகள் திருப்தியாக வரும்வரை தாளிலேயே அழித்து அழித்துப் போடுங்கள். இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் எந்த அலங்காரமும் காப்பாற்றாது.

மண் வேலை

இப்போது கணினி. பெரிய பிரஷ்ஷில் தொடங்குங்கள், நூறு மீட்டருக்குக் குறையாமல், அழுத்தத்தைக் குறைத்து. முதலில் மொத்த நிலத்தின் சரிவு, பிறகு பாறை மேடு, பிறகு ஏரிப் பள்ளம், பிறகு ஓடைகள். சின்ன பிரஷ்ஷை எடுத்து அங்கங்கே குத்தினால் இட்லித் தட்டைக் கவிழ்த்ததுபோல வரிசையாக உருண்டை மேடுகள்தான் வரும். கற்பனைக் கோர்ஸ் என்று பார்த்ததும் தெரிந்துவிடும் அடையாளம் அது. இயற்கையான மேட்டுக்கு ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் நீண்ட வால் இருக்கும். மழைநீர் போகும் பக்கம் அந்த வால் இறங்கும்.

பாறைக்குப் பெங்களூரு லால்பாக் தோட்டத்தின் பாறையைப் போய்ப் பாருங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் பாறை, மண்ணிலிருந்து திடீரென்று எழாமல், ஆமை முதுகுபோலத் தட்டையாக வெளியே வந்து, ஓரங்களில் மெல்ல மண்ணுக்குள் மறைகிறது. விளையாட்டில் பாறைப் பொருள்களை எடுத்து நிலத்துக்கு மேல் வைத்தால் யாரோ கொண்டுவந்து போட்டதுபோல இருக்கும். முக்கால்வாசி மண்ணுக்குள் புதைத்து, சுற்றியுள்ள தரையைச் சற்று உயர்த்தி, சின்னச் சின்னக் கற்களைச் சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் சிதறுங்கள்.

ஆயக்கட்டில் வேறு வேலை. அங்கே படிப்படியான வயல்கள்: ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட சமதளம், நடுவே அரை மீட்டர் இறக்கம். பழைய வரப்புகள் ஃபேர்வேயைக் குறுக்கே கடக்கட்டும். அரையடி உயர வரப்புகூட உருண்டு வரும் பந்தின் போக்கை மாற்றும். வாய்க்கால் இரண்டு மீட்டர் அகலம் போதும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் பர்ன் ஒரு சின்ன ஓடைதான். எத்தனையோ தலைமுறை ஆட்டக்காரர்களை அது யோசிக்க வைத்திருக்கிறது.

ஒவ்வொரு ஹோலும் ஒரு கேள்வி

டீயில் நிற்பவரிடம் ஹோல் ஏதாவது கேட்க வேண்டும். இடதுபக்கம் துணிந்து அடிக்கிறாயா, வலதுபக்கம் பத்திரமாகப் போகிறாயா? பத்திரமாகப் போனவருக்கு அடுத்த அடி கடினமாக இருக்க வேண்டும். துணிந்து வென்றவருக்குச் சுலபமாக. இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் இதற்குத் தடை குறுக்காகவோ நெடுக்காகவோ இருந்தால் போதாது, சாய்வாக இருக்க வேண்டும். சாய்ந்த கோட்டில்தான் எவ்வளவு தூரத்தைத் தாண்டுவது என்று ஆட்டக்காரர் தானே தேர்ந்தெடுக்க முடியும்.

மதகடியின் 5-வது ஹோலை எடுத்துக்கொள்வோம். பார் 4, 425 கஜம். டீ ஒரு நீட்டிய மேட்டில். ஏரியின் ஓரம் இடப்புறமாகச் சாய்வாக ஓடுகிறது. நேராக, வலப்புறம் நோக்கி 210 கஜம் அடித்தால் தண்ணீர் பயமே இல்லை. ஆனால் கிரீனுக்கு இன்னும் 225 கஜம், அதுவும் தண்ணீருக்கு எதிராக. ஏரியின் மேல் 270 கஜம் பறக்க விட்டால் மிச்சம் 150-தான், கிரீன் முன்வாசல் திறந்திருக்கும். கொஞ்சம் குறைந்தால் சேற்றுப் பட்டை. இந்த வகை ஹோலைக் கேப் என்பார்கள், அமெரிக்காவில் சி. பி. மெக்டொனால்ட் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்தில் 14-வதாக அமைத்தது இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி.

மெக்டொனால்டைப் படிப்பது நமக்கு மிகவும் பயன்படும். பிரிட்டனின் நல்ல ஹோல்களின் கருத்தை மட்டும் எடுத்து வேறு நிலத்தில் பொருத்தியவர் அவர். அப்படி உலகம் முழுக்கப் பரவிய இன்னொன்று ரெடான். மூலம் ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்தின் 15-வது ஹோல். பார் 3, கிரீன் சாய்வாகக் கிடக்கும், வலது முன்பக்கம் உயரம், இடது பின்பக்கம் தாழ்வு, இடது முன்னால் ஆழமான பங்கர். கொடியை நோக்கி நேராக அடிக்காமல், வலது தோளில் இறக்கி உருள விடுவதுதான் புத்திசாலித்தனம். மதகடியின் பாறை மேட்டில் நிலம் ஏற்கெனவே ஏரியை நோக்கிச் சரிகிறது. 7-வது ஹோலை, 190 கஜத்தில், அந்தச் சரிவுக்குக் குறுக்கே வைத்தால் ரெடான் கிட்டத்தட்ட தானாக வந்துவிடுகிறது. தண்ணீரை முதலில் முடிவு செய்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது.

எல்லா ஹோலும் கடினமான கேள்வி கேட்டால் ஆடுபவர் களைத்துப்போவார். இரண்டு மூன்று ஹோல்கள் மூச்சுவிட இடம் தரட்டும். அகலமான ஃபேர்வே, எளிய கிரீன். நிஜத்தில் ஃபேர்வே 30–40 கஜ அகலம் இருக்கும். கற்பனைக் கோர்ஸில் 45, 50 வைக்கவும் தயங்க வேண்டாம். அகலம் இருந்தால்தான் எந்தப் பக்கம் நிற்பது என்ற தேர்வே இருக்கும்.

பங்கர் பற்றித் தனியாக நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கையைக் குறையுங்கள். நல்ல அடி போய் விழ ஆசைப்படும் இடத்துக்கு அருகில் வையுங்கள். உங்கள் விளையாட்டில் டிரைவர் (டீயிலிருந்து மிகத் தூரம் அடிக்கும் மட்டை) உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பார்த்துவிட்டு வையுங்கள்; நிஜ மைதானத்தின் அளவு பல நேரம் பொருந்தாது. சுற்றியுள்ள தரையின் தண்ணீர் பங்கருக்குள் வடியாதபடி விளிம்பைச் சற்று உயர்த்துங்கள்.

கிரீன்

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பல வருடம் கோல்ஃப் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக) வேலை பார்த்தவர். ஒரு கிரீனைத் திரையில் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் கேட்ட முதல் கேள்வி: "மழை பெஞ்சா இதுல தண்ணி எந்தப் பக்கம் போகும் தம்பி?" கிரீன் செய்யும் ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. நடுவில் பள்ளம் இருந்தால் அங்கே நீர் தேங்கும். நிஜத்தில் புல் அழுகிவிடும். நல்ல கிரீனில் தண்ணீர் குறைந்தது இரண்டு திசைகளில் வெளியேறும். அந்த இரண்டு திசைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய முதுகு இருக்கும். பட்டிங்கில் (கிரீனில் பந்தை உருட்டி அடிப்பதில்) வரும் வளைவுகள் எல்லாம் அந்த முதுகிலிருந்தே பிறக்கின்றன.

அளவு: இன்றைய சராசரி கிரீன் சுமார் 550 சதுர மீட்டர். பழைய மைதானங்களில் இன்னும் சிறியது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் சராசரி 325 சதுர மீட்டர்தான். மதகடிக்கு 350 முதல் 450 போதும்.

சரிவை எண்ணாகப் பாருங்கள். கொடி வைக்கும் இடத்தில் 2 சதவீதம் வசதியானது, அதாவது 100 செ.மீ. போனால் 2 செ.மீ. இறக்கம். 3 சதவீதம் மேல் எல்லை. அதற்கு மேல் போனால் கிரீன் வேகத்தைப் பொறுத்துப் பந்து நிற்காது. வேகம் அளப்பது ஸ்டிம்ப்மீட்டரில்: 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய எளிய சரிவுக் கம்பி. அதிலிருந்து உருளும் பந்து சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே வேகம். மதகடி பழைய, வறண்ட கிளப், 9 வைக்கிறோம். அந்த வேகத்தில் 3 சதவீதச் சரிவு ஆடத் தகுந்தது. அதே கிரீனை யாராவது 12-க்கு ஏற்றினால் மேலிருந்து வரும் பட் கிரீனை விட்டே வெளியேறும். அதனால் வேகத்தை முதலில் முடிவு செய்து, பிறகு சரிவு செய்யுங்கள்.

ஒரு கிரீனுக்கு நான்கு கொடி இடம் தேடுங்கள். ஓரத்திலிருந்து குறைந்தது நான்கு எட்டு தள்ளி, குழியைச் சுற்றி இரண்டு மூன்று அடி கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். நான்கு கிடைக்காவிட்டால் கிரீனில் வளைவு அதிகம் என்று அர்த்தம். ஸ்மூத் கருவியால் மெல்லத் தடவிக் குறையுங்கள். கிரீனைச் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து வடிவமைக்க மறக்க வேண்டாம். தாம்பாளத்தை வைத்ததுபோல வட்டமாகத் தனியே நிற்கக் கூடாது. சுற்றுப்புறச் சரிவு எந்தத் தடையும் இல்லாமல் கிரீனுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும்.

மரம் நடுவது

எல்லாருக்கும் பிடித்த வேலை, எல்லாரும் அளவுக்கு மீறிச் செய்யும் வேலை. பெங்களூரின் மரங்கள் ஊருக்கே அழகு. லால்பாக்கில் பணியாற்றிய ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பீகல், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். நாம் மார்ச் மாதம் என்று முடிவு செய்துவிட்டதால் இளஞ்சிவப்பு டபேபுயா சில இடங்களில் பூத்திருக்கலாம். குல்மோஹருக்கு ஏப்ரல், மே வரை பொறுக்க வேண்டும்.

விளையாட்டின் பட்டியலில் நம் ஊர் மரங்கள் பெயர் சொல்லிக் கிடைக்காது. உருவத்தைப் பாருங்கள். குடைபோல விரிந்த மரம் கிடைத்தால் தூங்குமூஞ்சி மரம். உயரமாக, வெளிறிய தண்டோடு இருந்தால் தைலமரம். தென்னையை ஆயக்கட்டுப் பக்கம் மட்டும், வாய்க்கால் ஓரமாக நடுங்கள். பாறை மேட்டில் தென்னை நின்றால் நம்ப முடியாது. மேட்டில் குட்டையான முட்புதர் போதும்.

வரிசையாக நட வேண்டாம், தைலமரத் தோப்பைத் தவிர. அது நிஜத்திலும் வரிசையாகத்தான் இருக்கும். மற்றவற்றைக் கூட்டம் கூட்டமாக, அளவையும் திசையையும் ஒவ்வொன்றுக்கும் சற்று மாற்றி வையுங்கள். விளையாட்டில் ஒரு மைதானம் தாங்கும் பொருள்களுக்கு எல்லை உண்டு. ஆட்டக்காரர் பார்க்காத இடத்தில் ஆயிரம் புதர் வைத்து அந்த எல்லையை வீணாக்க வேண்டாம். டீயில் நின்று பாருங்கள், அடுத்த அடி விழும் இடத்தில் நின்று பாருங்கள், கிரீனில் நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் செலவழியுங்கள். இன்னொன்று: மரம் விளையாட்டின் தடையும்கூட. கேப் ஹோலில் துணிச்சலான பாதையின் மேல் ஒரு கிளை நீண்டிருந்தால், ஹோலே செத்துவிடும்.

ஆடிப் பார்ப்பது

எல்லா டீயிலிருந்தும், எல்லாக் கொடிக்கும் ஆடுங்கள். நன்றாக ஆடுவதைவிட வேண்டுமென்றே மோசமாக ஆடுவது அதிகம் சொல்லித்தரும். வலதுபக்கம் ஸ்லைஸ் செய்யுங்கள் (பந்தை வளைத்து அடியுங்கள்), கிரீனைத் தாண்டி அடியுங்கள், பங்கரின் விளிம்பில் பந்தை நிறுத்துங்கள். எங்காவது வெளியே வரவே முடியாத குழி இருக்கும், கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். காற்று எதிராக அடிக்கும்போது 5-வது ஹோலில் 270 கஜம் தாண்ட முடியாவிட்டால் துணிச்சல் பாதை வெறும் பொறி ஆகிவிடும். முன் டீ ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள்: ஒருவர் நன்றாக ஆடுபவர், ஒருவர் புதியவர். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எதையும் விளக்க வேண்டாம். டீயில் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். யோசிக்காமல் அடிக்கும் ஹோல்களில் கேள்வி இல்லை. திரும்பத் திரும்பக் கேமராவைச் சுழற்றிப் பார்க்கும் ஹோல்களில் எங்கே போவது என்றே புரியவில்லை. இரண்டையும் குறித்து வைத்துத் திருத்துங்கள். பழைய லேப்டாப் வைத்திருக்கும் நண்பரிடமும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். திரை திணறினால் மரங்களைக் குறைக்க வேண்டும்.

பெயரும் வெளியீடும்

ஹோல்களுக்குப் பெயர் வையுங்கள். மதகடியில் 5-வது கரைவெளி, 7-வது பாறைமுதுகு, 13-வது வரப்பு, 17-வது கலங்கல். பெயர் இருந்தால் ஆடியவர்கள் எண்ணைச் சொல்லாமல் அதைச் சொல்லிப் பேசுவார்கள். எந்த ஹோல் மனதில் நின்றது என்று உங்களுக்கும் தெரியும். பெயர்ப் பெட்டி தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம். உண்மையான கிளப்பின் பெயரையோ சின்னத்தையோ பயன்படுத்தாதீர்கள்.

ஸ்கோர் கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸை, அதாவது கடின வரிசையை, முன் ஒன்பதுக்கு ஒற்றைப்படை எண்களும் பின் ஒன்பதுக்கு இரட்டைப்படை எண்களுமாகப் பிரிப்பது வழக்கம். சோதனை ஆட்டங்களில் எந்த ஹோலில் போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) அதிகம் விழுந்தது என்று பார்த்து அதை நிரப்புங்கள்.

விளக்கக் குறிப்பில் மூன்று வரி போதும்: எங்கே இருப்பதாகக் கற்பனை, எந்த மாதம், கிரீன் வேகம் எவ்வளவு. வெளியிட்ட பிறகு விளையாட்டு அதே பதிப்பைத் திருத்த விடாவிட்டால், திருத்தியதைப் புதிய பெயரில் 2 என்று சேர்த்து வெளியிட வேண்டியிருக்கும். ஆகவே மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தேதி போட்டு வேறு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதகடியின் அக்டோபர் பதிப்பை, ஏரி நிரம்பிய நிலையில், அந்த நகலிலிருந்தே தொடங்கலாம். நீர்மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்தி, சேற்றுப் பட்டையை மூழ்கடித்து, 5-வது ஹோலின் முன் டீயை இன்னும் இருபது கஜம் முன்னால் கொண்டுவந்தால் முதல் மாற்றம் முடிந்தது.